டேப்பட் செட் செய்தும் சத்தம் போகலையா? கேமைப் பாருங்க!

புதுச்சேரி நகருக்குள் ஓடும் பைக்குகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஊர் சின்னது. முத்தியால்பேட்டையில் கிளம்பினால், இன்ஜின் முழுதாகச் சூடேறும் முன்பே நேரு வீதி வந்துவிடும். தினமும் இப்படியே ஓடினால் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலந்து அதன் பிசுபிசுப்பு குறையும். கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தால் ஆயில் மாற்ற இன்னும் நாள் இருப்பதுபோலத் தெரியும். ஆனால், ஆயில் ஏற்கெனவே கெட்டிருக்கும்.

இதில் அடி வாங்குவது கேம் ஷாஃப்ட். வால்வுகளைத் திறந்து மூடச் செய்யும் தண்டு இது. 100 சிசி பைக்குகளில் இன்ஜினின் உச்சியில் இருக்கும். ஆயில் கீழிருந்து மேலே ஏறி வந்தாக வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றினால் கேம் 2,000 முறை சுற்றும். ஆயில் குறைந்தால் கேமின் மேடும் ராக்கர் ஆர்மும் இரும்போடு இரும்பாக உரசித் தேயும். மேடு தேய்ந்தால் வால்வு முழுதாகத் திறக்காது. இழுவையும் மைலேஜும் குறையும்.

கூடவே 'டக் டக்' சத்தம் வரும். உடனே பலரும் கேட்பது, "டேப்பட்டை டைட் வெச்சுக் கொடுங்கண்ணே". இங்கேதான் ஆபத்து. அளவுக்கு மீறி டைட் வைத்தால் சத்தம் அடங்கும். ஆனால், வால்வு சரியாக மூடாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். கொஞ்சம் சத்தம் போடும் டேப்பட்டே மேல்!

இன்ஜின் ஆறிய பிறகு, ஃபில்லர் கேஜ் வைத்து கம்பெனி சொன்ன இடைவெளியில் செட் செய்யச் சொல்லுங்கள். அப்படியும் சத்தம் இருந்தால் கேமைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். மேட்டின் மேல் நகத்தை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். குழியோ கீறலோ தட்டினால் மாற்ற வேண்டும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மைக்ரோமீட்டரில் மேட்டின் உயரத்தை அளந்து சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். பேரிங் ஆடுகிறதா என்பதும் முக்கியம்.

பழைய புல்லட்டில் இந்த இடமே வேறு. 1955-ல் சென்னையில் தொடங்கிய அந்த வண்டியில் கேம்கள் கீழே, வலப்பக்க மூடிக்குள் இருக்கும்; புஷ் ராட்தான் வால்வை இயக்கும். 2021-ல் வந்த புது கிளாசிக் 350-ல் கேம் மேலே போய்விட்டது.

கேமை மட்டும் மாற்றி, தேய்ந்த ராக்கர் ஆர்மை விட்டுவைத்தால் புதுக் கேமையும் அது அரித்துவிடும். சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல. ஆயில் வரும் துளையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, புதுக் கேமில் ஆயில் தடவிப் பொருத்த வேண்டும். பழைய ஆயிலையும் வடித்துவிட வேண்டும்.

டைமிங் மார்க்கைச் சேர்த்து மாட்டியதும் கிக்கரை மிதிக்கக் கூடாது. முதலில் மேக்னெட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது முட்டி நின்றால், டைமிங் செயின் ஒரு பல் தள்ளி விழுந்திருக்கலாம். அதைக் கழற்றி மறுபடி மாட்டிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.