சதவீதத்துக்கு வழக்கா, காரணத்துக்கு வழக்கா?

"சார், என்கூட ரிட்டயர் ஆனவனுக்கு நாற்பது போட்டிருக்காங்க. எனக்கு முப்பதுதான். கேஸ் போடலாமா?"

முன்னாள் படைவீரர்களின் ஊன ஓய்வூதிய வழக்குகளை நடத்தும் நம் எல்லோருக்கும் பழகிய கேள்விதான் இது. பழக்கத்தில் "போடலாம்" என்று சொல்லி வக்காலத்தில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். ஆனால் அவருடைய முப்பது சதவீதம் பணியோடு தொடர்புடையது என்று மருத்துவ வாரியம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால், அந்த வழக்கில் வென்றாலும் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூறு சதவீத ஊனத்துக்கு ஊனக்கூறு என்பது கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஊனம் குறையும் அளவுக்கு அதுவும் குறையும். ஒரு ஹவில்தாரின் கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீதத்துக்கு 12,000, முப்பதுக்கு 3,600, நாற்பதுக்கு 4,800. ஆனால் 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் தந்த முழுமையாக்கலின்படி, ஐம்பதுக்குக் கீழ் உள்ளது ஐம்பதாகும். ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து வரை எழுபத்தைந்தாகும். அதற்கு மேல் நூறாகும். ஆக, முப்பதுக்கும் 6,000, நாற்பதுக்கும் 6,000. பணிக்காலம் முடிந்து இயல்பாக ஓய்வுபெற்றவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. முப்பதுக்கு உரிய 3,600 மட்டுமே ஒருவர் பெற்றுவருகிறார் என்றால் அவர் கேட்க வேண்டியது முழுமையாக்கலை. மறு மதிப்பீடு அவருக்குத் தேவையில்லை.

எனவே, சதவீதத்துக்காகச் சண்டை போடுவது மூன்று வேலிகளின் அருகே மட்டும்தான் பயன் தரும்: இருபது, ஐம்பது, எழுபத்தாறு. இருபதுக்குக் கீழே நின்றால், பணிக்காலம் முடித்து வந்தவருக்கு ஊனக்கூறே இல்லை. மருத்துவக் காரணத்தால் பாதியில் வெளியே அனுப்பப்பட்டவர் நிலை வேறு. அப்படி அனுப்பும் அளவுக்கு ஊனம் இருந்தால் அது இருபதுக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று 2014-இல் சுக்விந்தர் சிங் தீர்ப்பு சொல்கிறது. அப்படி அனுப்பப்பட்டவர் 15 சதவீதம் என்ற தாளோடு வந்தால் தயங்காமல் மனுப் போடலாம்.

சதவீதத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 படிவத்தின் பின்பக்கங்களில் இருக்கிறது: நோய் பணியால் வந்ததா, பணியால் கூடியதா? இரண்டுக்கும் "இல்லை" என்று எழுதினால், நம் பேச்சுவழக்கில் "என்.ஏ.என்.ஏ." அறுபது சதவீத ஊனமும் அந்த நான்கு எழுத்தில் பூஜ்யமாகிவிடும். ஆகவே முதலில் படிக்க வேண்டியது அதன் அருகே உள்ள காரணப் பத்தியை. "அமைதி நிலையத்தில் தொடங்கியது", "உடலமைப்புச் சார்ந்தது" என்று ஒற்றை வரியில் வாரியம் முடித்திருந்தால் அங்கேதான் நம் வழக்கு இருக்கிறது. படையில் சேரும்போது குறிக்கப்படாத நோய் பிறகு வந்தால், அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். மாறாக நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. வாரியம் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது 2013-இன் தரம்வீர் சிங் தீர்ப்பு.

ஆனால் அந்தத் தீர்ப்பை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக நினைப்பது தவறு. மனச்சிதைவு நோய் தொடர்பான நர்சிங் யாதவ் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் கேட்டதைத் தரவில்லை. அதே நோய்க்கு ராஜுமோன் வழக்கில் (2025), வாரியம் காரணம் சொல்லவில்லை என்பதால் தந்தது. ஆக, நோயின் பெயரைவிட வாரியம் எழுதியதும் எழுதாததும்தான் கனமானவை. விடுப்பில் சகோதரி வீட்டில் விழுந்து காயம்பட்ட நாயக் விஜய்குமாரின் கோரிக்கையும் 2015-இல் நிற்கவில்லை. காய வழக்குகளில் ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 காய அறிக்கையும் விசாரணை மன்றத்தின் முடிவும் கையில் இல்லாமல் மனு எழுத உட்காரக் கூடாது.

ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முழங்கால் 20 சதவீதம், பணியால் வந்தது; சர்க்கரை நோய் 30 சதவீதம், என்.ஏ.என்.ஏ.; கூட்டு மதிப்பீடு 40 என்று ஒரு படிவம் வருகிறது. முழங்காலுக்கே ஐம்பது கிடைத்துவிடும். சர்க்கரைக்காகப் பல ஆண்டுகள் போராடி வென்றாலும் கூட்டு நாற்பது, அதுவும் ஐம்பதுதான். கூட்டு ஐம்பது என்றிருந்தால் எழுபத்தைந்துக்குத் தாவும்; நம் ஹவில்தாருக்கு மாதம் 3,000 ரூபாயும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் கூடும். அப்போது அந்த வழக்கு நடத்தத்தக்கது.

கட்சிக்காரரிடம் சொல்லத் தவறும் செய்தி ஒன்றும் உண்டு. நிரந்தர ஊனத்தின் மதிப்பீடு, அவரே மறு ஆய்வு கேட்டால் ஒழிய, ஆயுளுக்கும் நிற்கும். கேட்டுவிட்டால் புதிய வாரியம் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். ஐம்பதில் நிற்பவர் நாற்பத்தைந்துக்கு இறங்கினால் 9,000 என்பது 6,000 ஆகிவிடும். மருத்துவரின் புதிய சான்று கையில் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைப் பார்த்து மறு வாரியம் கேட்கவைப்பது பொறுப்பற்ற செயல்.

காலக்கெடுவையும் கட்சிக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம். அதன் பின் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழு, பிறகு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாய அமர்வு. ஓய்வூதியம் தொடரும் உரிமை என்பதால் தாமதம் மன்னிக்கப்படலாம். ஆனால் 16 ஆண்டு கழித்து நீதிமன்றம் போன தர்சேம் சிங்குக்கு, 2008-இல், மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவைதான் கிடைத்தது.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறையில் உள்ளன. அதன் பின் ஓய்வுபெற்றவர்களுக்குப் பழைய மாதிரி மனுவில் பெயரை மட்டும் மாற்றிப் போடுவது அவர்கள் வழக்கைக் கெடுப்பதாகும். மேலே சொன்ன கணக்கையும் அவர்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

நம் துறையினருக்கு நம் வேண்டுகோள் இதுதான். வக்காலத்து வாங்குமுன் வெலிங்டன் ஆகட்டும், வேறு ஊர் ஆகட்டும், உரிய ரெக்கார்ட்ஸ் அலுவலகத்திலிருந்து வாரியப் படிவத்தின் நகலை வரவழையுங்கள். வென்றால் மாதம் எவ்வளவு கூடும் என்பதை ஒரு தாளில் எழுதி, கட்சிக்காரர் முன் வையுங்கள். தொகை பூஜ்யம் என்றால் அன்றே சொல்லி அனுப்புங்கள். என்.ஏ.என்.ஏ. என்று காரணமின்றி மறுக்கப்பட்டவர் வந்தால், கட்டணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அவருக்கு மனுவை முதலில் எழுதுங்கள்.