நினைவின் அளவும் எண்ணுப்பெயரின் நீளமும்

இந்தியில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணி முடிக்க ஒன்பதே அசைகள் போதும்: ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே, ஸாத், ஆட், நௌ. தெலுங்கில் அதே ஒன்பது எண்களுக்கு 23 அசைகள் வேண்டும். ஒகட்டி, நாலுகு, எனிமிதி, தொம்மிதி என்று அவை நீள்கின்றன. எழுத்துத் தமிழில் 20. (அசை என்பது இங்கே யாப்பிலக்கணத்தின் நேரும் நிரையும் அன்று, மொழியியலார் கொள்ளும் ஒலிக்கூறு.) இவ்வேறுபாடு இலக்கணப் புத்தகத்திற்குள் மட்டும் கிடந்திருந்தால் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் அது குழந்தைகளின் மதிப்பீட்டு அறிக்கைக்குள்ளும் நுழைகிறது.

உளவியலில் 'டிஜிட் ஸ்பான்' எனப்படும் இலக்க வீச்சுச் சோதனை மிக எளியது. சோதிப்பவர் வினாடிக்கு ஒன்றாக இலக்கங்களைச் சொல்வார். குழந்தை அவற்றை அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். வெக்ஸ்லரின் அளவுகோலிலும், அதைத் தழுவி மாலின் இந்தியக் குழந்தைகளுக்காக அமைத்த அளவுகோலிலும் இச்சோதனை இடம்பெறுகிறது. கிடைக்கும் எண், குழந்தையின் குறுகியகால நினைவின் 'கொள்ளளவு' என்று படிக்கப்படுகிறது. 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து 'ஏழு' என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, நினைவை ஏழு அறைகள் கொண்ட பெட்டியாகக் கற்பிக்கும் வகுப்பறைப் பழக்கம் இன்னும் மறையவில்லை.

பெட்டி என்ற அந்தப் படிமத்தை 1974-இல் பேட்லியும் ஹிட்சும் உடைத்தனர். அவர்கள் முன்வைத்த செயல்நினைவு வெறும் சேமிப்பிடம் அன்று. கவனத்தைப் பங்கிடும் ஒரு மையமும், அதன்கீழ் காட்சிக்கும் இடத்துக்கும் ஒரு துணையமைப்பும், பேச்சொலிக்கு இன்னொன்றும் அதில் உண்டு. மூன்றாவதான ஒலிச்சுழலே இங்குப் பொருட்படுத்தத்தக்கது. கேட்ட ஒலியின் தடம் ஓரிரு வினாடிகளில் மங்கும்; மனத்துக்குள் மீண்டும் மீண்டும் உச்சரிப்பதால் அது புதுப்பிக்கப்படும். ஆகவே நீளமான சொற்கள் குறைவாகவே தங்கும். பேட்லியும் உடன் ஆய்வாளரும் 1975-இல் கண்டதும் இதுவே: ஒருவர் ஏறத்தாழ இரண்டு வினாடிகளில் எவ்வளவு உச்சரிக்க முடியுமோ, அவ்வளவே அவரது வீச்சு.

1980-இல் எல்லிஸும் ஹென்னலியும் வேல்ஸ் நாட்டு இருமொழியாளரிடம் இதைச் சோதித்தனர். வெல்ஷ் எண்ணுப்பெயர்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரமாகிறது. அம்மொழியில் இலக்க வீச்சும் குறைவாக இருந்தது. ஒரே மனிதர், ஒரே மூளை, இரண்டு மதிப்பெண்கள். நுண்ணறிவுச் சோதனைக்கு இதன் பொருள் என்ன என்ற கேள்வியை அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே வைத்தார்கள். 1986-இல் ஆங்கிலம், ஸ்பானியம், எபிரேயம், அரபு ஆகியவற்றை ஒப்பிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது.

மறுப்புகளும் உண்டு. தடம் காலத்தால் மங்குகிறதா, பிற ஒலிகளின் குறுக்கீட்டால் அழிகிறதா என்ற வழக்கு முடியவில்லை. அசையை எண்ணுவதும் நேரத்தை அளப்பதும் ஒன்றல்ல: 'பாஞ்ச்' ஓரசைதான் எனினும் கனத்த அசை. எனவே 23-க்கும் 9-க்கும் உள்ள விகிதத்தை அப்படியே நினைவின் விகிதமாகக் கொள்வது பிழை. பேச்சுத்தமிழின் 'ரெண்டு', 'நாலு', 'அஞ்சு' ஆகியவை எழுத்துவடிவினும் விரைவானவை. எந்த வடிவம் குழந்தையின் நாவில் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆயினும் இவற்றுள் எதுவும் ஒரு மொழியின் அளவையை இன்னொரு மொழிக்குப் பொருத்தலாம் என்று சொல்லவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் மதிப்பீட்டு அறிக்கையைச் சார்ந்தவை. ஹைதராபாதில் இந்தி பேசும் குழந்தையும் தெலுங்கு பேசும் குழந்தையும் அடுத்தடுத்து அமர்ந்து இச்சோதனையை எழுதினால், பிழை இரு பக்கமும் நேரலாம்: நலமாயிருக்கும் ஒரு குழந்தைமீது முத்திரை விழும், உதவி தேவைப்படும் மற்றொரு குழந்தை குறுகிய எண்ணுப்பெயர்களின் துணையால் தப்பிச் சென்றுவிடும். இரண்டாவது பிழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது புகாராக வெளிவராது.

ஆங்கிலத்திலேயே அனைவரையும் சோதிக்கலாம் என்பது பொதுவாக முன்வைக்கப்படும் தீர்வு. கைப்பேசி எண்ணை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் நகரத்துக் குழந்தைக்கு அது பொருந்தக்கூடும். எண்களை வீட்டுமொழியில் மட்டுமே விரைந்து சொல்லும் குழந்தைக்கு அது இன்னொரு சுமை. தொகுதிகளைத் தொட்டுக்காட்டும் கோர்சி சோதனையும் மாற்றாகாது. அது அளப்பது இடநினைவை, ஒலிச்சுழலை அன்று.

செய்யக்கூடியது சிறிது. சோதனைக்கு முன் ஒன்று முதல் ஒன்பது வரை விரைவாகச் சிலமுறை எண்ணச் சொல்லி, நிறுத்துகடிகாரத்தால் நேரத்தைக் குறிக்கலாம். எந்த மொழியில் கேட்கப்பட்டது, குழந்தை எந்த மொழியில் விடையளித்தது என்பதை மதிப்பெண்ணுக்கு அருகிலேயே எழுதலாம். அறிக்கைப் படிவத்தில் இதற்குத் தேவை இரண்டு வரி இடம்.