வி.ஆர். கண்ணாடிக்கு முன் தமிழில் பாடம் வேண்டும்: அறிவியல் ஆசிரியர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்: அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் சங்க நிர்வாகிகள்.

பெறுநர்: பள்ளிக் கல்வி இயக்குநர், சென்னை; இயக்குநர், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், சென்னை.

பொருள்: அரசுப் பள்ளிகளில் மெய்நிகர் (வி.ஆர்.) தொழில்நுட்ப வழிக் கற்பித்தலுக்குப் பாடவேளை, பாடப்பொருள், பராமரிப்பு கோருதல் தொடர்பாக.



பத்தாம் வகுப்பு அறிவியலில் இதயப் பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். புத்தகப் படத்தில் வலது வெண்ட்ரிக்கிள் தாளின் இடப்பக்கம் இருக்கிறது. எதிரே நிற்பவரின் இதயமாக வரைந்த படம் அது என்று ஆசிரியர் எத்தனை முறை சொன்னாலும், பாகம் குறிக்கும்போது இடமும் வலமும் மாறிவிடுகின்றன. வி.ஆர். கண்ணாடி மாட்டிய மாணவியோ அந்த வெண்ட்ரிக்கிள் அறைக்குள்ளேயே நிற்கிறாள். ஒரு பக்கம் மூவிதழ் வால்வு மூடுகிறது. தலையைத் திருப்பினால் ரத்தம் நுரையீரல் தமனிக்குள் பாய்கிறது. கரும்பலகையால் ஆகாத காரியம் இது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது கிடைத்தாக வேண்டும் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு.

கண்ணாடியை மட்டும் வாங்கிக் கொடுத்தால் பலன் வராது. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜோஸ்லின் பரோங், ரிச்சர்ட் மேயர் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியிருக்கிறது. ரத்த ஓட்டமும் செல்லும் பற்றிய பாடத்தை ஒரு குழு வி.ஆரிலும் மற்றொரு குழு கணினி ஸ்லைடுகளிலும் படித்தது. ஆர்வம் வி.ஆர். குழுவுக்கு அதிகம், தேர்வு மதிப்பெண் ஸ்லைடு குழுவுக்கு அதிகம். அடுத்த சோதனையில் வி.ஆர். பாடத்தை இடையிடையே நிறுத்தி, பார்த்ததைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்கள், நிறுத்தாமல் பார்த்தவர்களைவிட நன்றாகத் தேர்வு எழுதினார்கள்.

ஆகவே சங்கம் முதலில் கேட்பது நேரம். 40 பேர் உள்ள வகுப்பில் 40 நிமிடப் பாடவேளைக்கு ஒரே கண்ணாடி என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம். அது வேடிக்கை காட்டுவதாகத்தான் முடியும். ஐந்து பேருக்கு ஒன்று வீதம் எட்டுக் கண்ணாடிகளும், பார்த்ததை எழுதிப் பேசி முடிக்கத் தொடர்ச்சியாக இரண்டு பாடவேளைகளும் வேண்டும்.

இரண்டாவது, பாடப்பொருள். அது சமச்சீர்ப் பாடநூலின் கலைச்சொற்களோடு தமிழில் இருக்க வேண்டும்; உரிமை அரசிடம் இருக்க வேண்டும். கூகுள் 2015-இல் தொடங்கிய எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி வழியே உலகெங்கும் வகுப்பறைகள் பவளப்பாறைக்கும் அருங்காட்சியகத்துக்கும் ‘போய்’ வந்தன. 2021-இல் அந்நிறுவனம் அதை மூடியது. அதை நம்பிப் பாடத்திட்டம் வகுத்திருந்த ஆசிரியர்கள் கைவிடப்பட்டார்கள். இங்கே அந்த நிலை வரக்கூடாது. மணற்கேணி செயலியை உருவாக்கிய மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமே இப்பாடங்களையும் தயாரித்து, இணையம் இல்லாத பள்ளியிலும் ஓடும்படி தர இயலும். மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கென்றே ஆய்வு மையம் வைத்திருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியை நாடலாம்.

மூன்றாவது, பராமரிப்பு. அது சிறிய விஷயமாகத் தோன்றும். திட்டம் நிற்பதும் விழுவதும் அதில்தான். இருப்புப் பதிவேட்டில் ஏறிய கருவி உடைந்தால் தன் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்று ஆசிரியர் அஞ்சினால், கண்ணாடி தலைமையாசிரியர் அறை பீரோவை விட்டு வெளியே வராது. வகுப்பில் நேரும் சேதத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்ல என்று எழுத்துப்பூர்வமான ஆணை தேவை. ஒவ்வொரு பிள்ளையும் கழற்றியபின் துடைக்கத் துணியும் கிருமிநாசினியும் பள்ளிச் செலவினத்தில் சேர வேண்டும். சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும். அவர்கள் உட்கார்ந்து பார்க்கவும், விரும்பாவிட்டால் விலகவும் வழி வேண்டும். குவெஸ்ட் கண்ணாடி 10 வயதுக்கு உட்பட்டோருக்கு அல்ல என்று மெட்டா நிறுவனமே விதித்திருப்பதால், தொடக்கப் பள்ளிகளை இத்திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

இத்திட்டத்தைக் காரணம் காட்டி ஆய்வக நிதியைக் குறைக்கக் கூடாது என்பதில் சங்கம் உறுதியாக இருக்கிறது. பியூரெட்டிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் நிறுத்தும் கைப்பழக்கம் எந்தக் கண்ணாடியிலும் வராது.

முதற்கட்டமாக மாவட்டத்துக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியில் இதயம், செல், சூரியக் குடும்பம் ஆகிய மூன்று பாடங்களை மட்டும் ஓராண்டு நடத்திப் பார்த்து, மாணவர்களின் தேர்வு விடைகளோடு அறிக்கை வெளியிட்ட பிறகே பெருங்கொள்முதலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருமாறு ஆணை பிறப்பிக்கச் சங்கம் பணிவுடன் வேண்டுகிறது.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்