இரண்டு நிறங்கள், ஒரு விளிம்பு

பிளாஸ்டிக் மாதிரி வண்டிகளுக்கு வண்ணம் பூசுவது வளர்ந்தவர்களின் பொம்மை விளையாட்டு என்று இலக்கிய நண்பர்கள் சிலர் நகைப்பதுண்டு. நகைக்கட்டும். எங்கள் சண்டை அவர்களோடு அல்ல. விளிம்பு கோணலானால் என்ன, மேலே ஒரு வெள்ளிக் கீற்றை ஒட்டி மறைத்துவிடலாம் என்று புதியவர்களுக்குப் போதிக்கும் 'தேர்ந்த கை'களோடுதான்.

1951இல் அறிமுகமான வோக்ஸ்வாகன் சம்பா வேனை எடுத்துக்கொள்வோம். மேலே வெளிர்நிறம், கீழே அடர்நிறம். ஜன்னல்களின் கீழே ஓடிவரும் எல்லைக்கோடு முகப்பில் 'வி' வடிவில் இறங்கும். அந்த வேனின் முகமே அக்கோடுதான். அசலிலும் உலோகப் பட்டை இருந்ததே என்பார்கள். இருந்தது. ஆனால் 1:24 மாதிரியில் ஒட்டும் மெல்லிய தகடு, அடியிலுள்ள மேட்டை மறைப்பதில்லை; பளபளத்துக் காட்டிக்கொடுக்கிறது. 0.05 மில்லிமீட்டர் பூச்சுத் தடிப்பு, அசல் அளவில் 1.2 மில்லிமீட்டர் திட்டு!

ஆகவேதான் வெளிர்நிறம் முதலில். சிவப்பின் மேல் வெள்ளையை ஏற்றினால் அடிநிறம் அடங்கப் பல பூச்சுகள் வேண்டும், மேடு வளரும். வெள்ளை நன்கு உலர்ந்தபின் அதை மாஸ்கிங் டேப்பால் மூடி, டேப்பின் ஓரத்தில் மீண்டும் அதே வெள்ளையை மெல்லத் தெளிக்க வேண்டும். கசிந்தாலும் வெள்ளையின் மேல் வெள்ளைதானே கசியும்! இடுக்கு அடைபட்ட பிறகே சிவப்பு, அதுவும் மெல்லிய பூச்சுகளாக.

இதற்கு ஓரிரு நாட்கள் கூடுதலாகும். அவ்வளவுதான். அதற்கும் பொறுமையில்லாதவர்கள் ஒற்றை நிற வண்டியைப் பூசிக்கொள்ளட்டும். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. புதியவர்களின் கையில் மட்டும் அந்த வெள்ளிக் கீற்றைத் திணிக்க வேண்டாம்.