யாருடைய கள்ளமின்மை?

டான் ஹென்லி, புரூஸ் ஹார்ன்ஸ்பியோடு சேர்ந்து எழுதி, 1989இல் பாடி வெளியிட்ட 'தி எண்ட் ஆஃப் தி இன்னசென்ஸ்' இன்றும் பலரைக் கண்கலங்க வைக்கிறது. ஹார்ன்ஸ்பியின் பியானோ அப்படி. மெட்டோடு எனக்குச் சண்டையில்லை. சொல்லோடுதான் சண்டை.

அந்தப் பாட்டில் அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். வழக்கறிஞர்கள் சில்லறை விவரங்களைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். நாட்டில் ஆயுதக் குவிப்பு நடக்கிறது. பெயர் சொல்லாமலே ரேகன் ஆட்சியை அது சாடுகிறது. இதுவரை சரி. பிறகு பாடுபவன் ஒரு பெண்ணை உயர்ந்த புல்வெளிக்கு அழைக்கிறான். அது 'மென்' தொடாத இடமாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் மனிதரையும் குறிக்கும், ஆண்களையும் குறிக்கும். ஆண் தொடாத இடத்துக்கு அவளை அழைத்துப்போகிறவனே ஓர் ஆண்தான்! நீ எவ்வளவு வாதாடினாலும் கள்ளமின்மை இத்தோடு முடிந்தது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறான். அவள் பதில் சொன்னாளா? பாட்டு முடியும்வரை அவள் குரல் நமக்குக் கேட்பதே இல்லை.

'அது உருவகம், அவள்தான் நாடு' என்பார்கள். பிரச்சினையே அங்கேதான். பெண்ணுடலை நாட்டின் வரைபடமாக்கிவிட்டால், அவளுக்கு நேர்வது யாருக்கும் நேராததுபோல் ஆகிவிடுகிறது. அரசியலில் ஏமாந்த ஆணுக்கு ஆறுதல் அவள் மடியில். அவளுடைய ஏமாற்றத்துக்கு?

1975இல் ஜேனிஸ் இயன் 'அட் செவன்டீன்' பாடினார். அழகில்லை என்று ஒதுக்கப்பட்ட பதினேழு வயதுப் பெண், தான் கற்றுக்கொண்ட கசப்பைத் தானே சொல்கிறாள். புல்வெளியும் இல்லை, கூட்டிப்போக ஆணும் இல்லை. அவளுடைய கள்ளமின்மையைப் பறித்தது எது என்று அவளுக்குத் தெரியும்.

ஹென்லியின் பாட்டு நீடித்து நிற்பதன் ரகசியம் எளிது. அது பொறுப்பில்லாத துக்கத்தைத் தருகிறது. தொலைந்தது என்று ஏங்க விடுகிறது. தொலைத்தது யார் என்று கேட்க விடுவதில்லை. நம் பேச்சிலும் இதே கணக்குதான். கள்ளமின்மையை இழந்த ஆணுக்கு 'விவரம் வந்துவிட்டது'. இழந்த பெண் 'கெட்டுப்போனவள்'.

மெட்டை ரசியுங்கள், தோழியரே. ஆனால் அந்தப் புல்வெளியில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்காமல் பாட்டை முடிய விடாதீர்கள்.