வீரர்கள் இல்லாத குத்துச்சண்டை

போன வாரம் இரவு உணவின்போது, படிவம் மூன்றில் படிக்கும் என் மகன் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள் அடித்துக்கொள்ளும் காணொளி. ஒருவன் கீழே விழுகிறான். சுற்றிலும் ஒரே ஆரவாரம்.

“யாருப்பா எடுத்தது?”

“தெரியலம்மா. குரூப்ல வந்துச்சு, நானும் அனுப்பிட்டேன்.”

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் பால் ஃபைஃபர் நினைவுக்கு வந்தார். ஹவாயில் பிறந்து, சிறுவயதில் சில காலம் பிலிப்பைன்சில் வளர்ந்த காணொளிக் கலைஞர். முகமது அலியின் புகழ்பெற்ற மூன்று சண்டைகளின் பதிவுகளை எடுத்து, 2000, 2001ஆம் ஆண்டுகளில் ‘தி லாங் கவுண்ட்’ என்ற வரிசையைச் செய்தார். படம் படமாகக் குத்துச்சண்டை வீரர்களை அழித்து, அந்த இடத்தைப் பின்னணிக் காட்சியால் நிரப்பினார். சின்னத் திரையில் கயிறுகள் தானாக அதிர்கின்றன. நிழல்போல ஏதோ நெளிகிறது. வேறென்ன தெரிகிறது? கூட்டம். வெறித்துப் பார்க்கும் முகங்கள்.

அந்த மூன்றில் ஒன்று, 1975 அக்டோபர் 1ஆம் தேதி மணிலாவில் நடந்தது. 14 சுற்றுகள் முடிந்தபோது ஜோ ஃப்ரேசியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டதால், பயிற்சியாளரே சண்டையை நிறுத்திவிட்டார். அலி 1981இல் ஓய்வு பெற்றார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரியவந்தது. தலையில் வாங்கிய அடிகளும் ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

மணிலாவுக்கு மூன்று மாதம் முன்பு, ஜூலை 1இல், அலி நம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் மோதினார். என் அப்பா அன்று அங்கே இருந்தார். இன்றும் பெருமையாகச் சொல்வார். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: “நீங்க என்னப்பா செஞ்சீங்க?”

“என்ன செய்றது? எல்லாரும் ‘அடி, அடி’ன்னு கத்தினாங்க. நானும் கத்தினேன்” என்றார். பிறகு ஏனோ பேசவில்லை.

மகனிடம் ஃபைஃபரைப் பற்றிச் சொன்னேன். “அந்த ரெண்டு பேரையும் விரலால மறைச்சுட்டுப் பாரு” என்றேன். மறைத்துப் பார்த்தான். உயர்த்திய கைகள், கைப்பேசிகள். விலக்கிவிட ஒருவர்கூட முன்னால் வரவில்லை.

“பதினோரு போன்மா” என்றான் மெதுவாக. “விழுந்தவன் எங்க பள்ளிதான். நாளைக்கு அவனைப் பார்த்தா என்ன சொல்றது?”

நான் பதில் சொல்லவில்லை. காணொளியைத் தன் கைப்பேசியிலிருந்து அழித்தான். அவன் அனுப்பியது எத்தனை கைகளுக்குப் போனதோ, அதை அழிக்க வழியில்லை.

மறுநாள் பள்ளி முடிந்து வந்ததும் சொன்னான்: “மன்னிப்பு கேட்டேன்மா.”

“என்ன சொன்னான்?”

“‘நீ ஒருத்தன்தான் கேட்டிருக்கே’ன்னான்.”