மாலகா பிகாஸோவும் மலம்புழை யட்சியும்

ஈஸ்டருக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்ததில் ஸ்பெயினில் இருக்கும் மாலகாவுக்குப் போய் வந்தோம். லண்டனில் இருந்து பட்ஜெட் விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆபீஸில் எல்லோரும் "பீச்சுக்குத்தானே?" என்றார்கள். தங்கமணிக்கு வெயில் ஆகாது, எனக்கு மணல் ஆகாது. அதனால் மூன்று நாள் மியூசியம், ஒரு நாள் பீச் என்று ஒப்பந்தம்.

பயணக் கட்டுரை எழுதும் எண்ணத்தில்தான் உட்கார்ந்தேன். ஆனால் அங்கே நடந்த ஒரு விஷயம் வயிற்றைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் இது சண்டைக் கட்டுரையாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிகாஸோ 1881-ல் பிறந்த ஊர் மாலகா. அவர் பெயரிலான மியூசியம் ஒரு பழைய மாளிகைக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம் என்பதால் (பேங்க்காரன் புத்தி!) அந்த நேரமாகப் பார்த்துப் போனோம். மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று இருந்த ஒரு பெண் படத்தின் முன்னால் பதினோரு வயது மகள் வெகுநேரம் நின்றாள். அப்புறம் சாதாரணமாகக் கேட்டாள். "அப்பா, உங்க ஊர்ல இந்த மாதிரி யாரு இருக்காங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நிறைய பேர் இருக்காங்க அம்மிணி" என்று மழுப்பினேன். ராத்திரி ஓட்டல் ரூமில் தூக்கம் வராமல் புரண்டபோதுதான் உறைத்தது. எனக்குப் பதில் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். ஆனால் அந்த ஆளின் பெயர் தெரியாது.

நான் மீனாட்சிபுரத்துக்காரன். பொள்ளாச்சியில் இருந்து பாலக்காடு போகிற ரோட்டில் தமிழ்நாடு முடிந்து கேரளா ஆரம்பிக்கிற இடம். எங்களுக்குச் சுற்றுலா என்றால் ஒன்று ஆழியாறு, இல்லாவிட்டால் மலம்புழை. பாலக்காடு மதராஸ் மாகாணத்தில் இருந்தபோது, 1955-ல் காமராஜர் திறந்து வைத்த அணை அது. அந்தப் பூங்காவுக்குள் முப்பது அடி உயரத்தில் ஒரு யட்சி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. ஆகாயத்தைப் பார்த்த முகம்.

ஸ்கூல் டூரில் அந்த இடம் வந்ததும் வாத்தியார், "பசங்களா, நேரா நடங்க, அங்க என்ன வேடிக்கை" என்று பிரம்பை ஆட்டினார். குடும்பத்தோடு போனபோது அப்பா என் தலையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார். காலேஜ் படிக்கும்போது நாங்களே போய்க் கேலி பேசிச் சிரித்துவிட்டு வந்தோம். இருபது தடவையாவது பார்த்திருப்பேன். செய்தது யார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கானாயி குஞ்ஞிராமன். காசர்கோடு பக்கத்துக்காரர். மதராஸ் ஓவியக் கல்லூரியில் படித்து, லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளிக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தவர். 1969-ல் அந்த யட்சியைச் செய்து முடித்தபோது அவருக்கு வயது முப்பது சொச்சம். துணியில்லாத சிலை என்று அப்போதே எதிர்ப்பு வந்தது. திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் படுத்திருக்கும் சாகரகன்னிகையும் அவர் செய்ததுதான். இவ்வளவையும் மாலகாவில் ஒரு ஓட்டல் ரூமில், ராத்திரி ஒரு மணிக்கு, போனில் தேடித் தெரிந்துகொண்டேன். நாற்பத்தைந்து வயதில்!

அதே மாலகாவில் துணியில்லாத பெண்கள் படத்தை எத்தனை பார்த்தேன்? ஒன்றின் முன்னாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பெரிய ரசிகன் மாதிரி நின்றேன். பக்கத்தில் பெயர்ப் பலகையும், குறிப்பும், காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவியும் இருந்தன. நான் அதே ஆள்தான். மாறியதெல்லாம் அந்தப் பலகைதான்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். "நம்மாளுங்களுக்கு ரசனை கிடையாதுங்க, வெள்ளைக்காரன் ரத்தத்துலயே இருக்கு" என்று வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன். சுத்தப் பேத்தல். மாலகாவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிகாஸோ பத்து வயதில் அந்த ஊரை விட்டுப் போனவர். செத்தது 1973-ல். அவருக்கென்று அந்த மியூசியம் திறந்தது 2003-ல். அதுவரை வெளியூர்க்காரர்களுக்கு மாலகா என்றால் பீச்சுக்குப் போகிற வழியில் இறங்கும் ஏர்போர்ட். கார்மன் தைஸன் மியூசியம் 2011-ல் வந்தது. பாரிஸ் பாம்பிடுவின் கிளை 2015-ல் வந்தது. ரத்தத்தில் இருந்தால் இவ்வளவு லேட்டாகவா வரும்?

இன்னொன்று கேளுங்கள். துறைமுகத்தின் எதிரே பழைய சுங்க மாளிகை ஒன்று அரசு அலுவலகமாக இருந்தது. அதை மியூசியமாக்கு என்று 1997-ல் ஊர்மக்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். 2016-ல் திறந்தது. பத்தொன்பது வருஷம்! தண்ணி வரவில்லை என்று குடத்தோடு ரோட்டில் உட்காருவது நமக்குத் தெரியும். மியூசியம் வேண்டும் என்று உட்கார்ந்தவர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. ரசனை அங்கே கேட்டு வாங்கிய சரக்கு, பிறவியில் வந்ததில்லை.

ரசனை இல்லாதவர்களா நாம்? ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்டுப் படங்களை அடித்துத் தள்ளினார். அவர் லட்சுமியும் சரஸ்வதியும் காலண்டரில் ஏறி எங்கள் பாட்டி வீட்டுச் சமையலறை வரை வந்து உட்கார்ந்தார்கள். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பழைய காலண்டரில் படத்தை மட்டும் வெட்டி மாட்டிவைத்திருந்தாள். அது ரசனை இல்லாமல் வேறு என்ன? அதே ரவிவர்மாவின் அசல் ஓவியங்களை வைத்திருந்த சென்னை எழும்பூர் தேசிய கலைக்கூடம் கட்டடப் பழுது என்று பல வருஷம் பூட்டிக் கிடந்தது. ஊரில் யாருக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒரு கம்பெனியிடம் சொத்து இருக்கிறது, ஆனால் சொத்துப் பதிவேட்டில் ஏற்றவில்லை என்றால் என்ன ஆகும்? காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் அப்படித்தான் போனார். 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அவர் நம்முடையவர் என்று நிரூபிக்க உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய போட்டோக்கள். 2014-ல் திரும்பி வந்தார். நம் சாமிக்குப் பிரெஞ்சுக்காரன் எடுத்த போட்டோ சாட்சி! பெயர்ப் பலகை, போட்டோ, குறிப்பு, வருஷம் எல்லாம் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"மியூசியத்துக்குக் கொட்டுகிற காசில் பள்ளிக்கூடம் கட்டலாமே" என்பார்கள். கட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? நான் கேட்பது பளிங்குக் கட்டடம் இல்லை. இருப்பதன் பக்கத்தில் நாலு வரி. எங்கள் எல்லைப் பக்கத்தில் என்றால் மலையாளத்திலும் தமிழிலும். அதற்கு என்ன கோடியா வேண்டும்? பூங்காவுக்கு டூர் கூட்டிப் போகும் வாத்தியார் பிரம்பை ஆட்டுவதற்குப் பதில் ஒரு பெயரைச் சொன்னால் போதும். அதற்குக் காசே வேண்டாம்.

அரசாங்கத்தை மட்டும் திட்டுவதும் நியாயம் இல்லை. ஒரு தடவை ஒரு மியூசியத்தில் (பெயர் வேண்டாம்) நானும் தங்கமணியும் மட்டும்தான் பார்வையாளர்கள். நாங்கள் ஒரு அறையைத் தாண்டினதும் காவலாளி விளக்கை அணைத்துக்கொண்டே பின்னால் வந்தார். கோபமாகக் கேட்டேன். "தினமும் நாலு பேர் வந்தா எதுக்கு சார் அணைக்கிறேன்" என்றார். வாயை மூடிக்கொண்டேன். சென்னையில் படித்து முடித்துப் பல வருஷம் வேலை பார்த்தவன், 1851-ல் ஆரம்பித்த எழும்பூர் மியூசியத்துக்கு மொத்தம் இரண்டே தடவைதான் போயிருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனையோ தடவை காரில் போயும் சோழமண்டலத்தில் இறங்கியதில்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் ஓவியர்களைச் சேர்த்து உருவாக்கிய கிராமம் அது. பணிக்கர் பிறந்தது எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோயமுத்தூரில். இதையும் அந்த ராத்திரி ஒரு மணிக்குத்தான் படித்தேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்குக் குறிப்பாக ஒன்று. லூவருக்கும் பிராடோவுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், நல்லது. ஆனால் ஊருக்குப் போகும் மூன்று வாரத்தில் கல்யாணம், ஜவுளிக்கடை, பல் டாக்டர் என்று ஓடிவிட்டு, திரும்பி வந்து "நம்மூர்ல பாக்க என்ன இருக்கு" என்று பிள்ளைகள் எதிரில் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைகள் அதை நம்பிவிடுகிறார்கள். என் மகள் "உங்க ஊர்" என்று கேட்டாளே, "நம்ம ஊர்" என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? அதுதான் வயிற்றைக் கலக்கிய விஷயம்.

ஆகஸ்டில் ஊருக்குப் போகிறோம். அப்பாவையும் மகளையும் மலம்புழைக்குக் கூட்டிப் போவதாக இருக்கிறேன். போனில் அப்பாவிடம் சொன்னேன்.

"அந்தச் சிலைக்கிட்டயா? பொட்டப் புள்ளையக் கூட்டிட்டா?"

"ஆமாங்கப்பா. பண்ணுனவரு பேரு கானாயி குஞ்ஞிராமன். அவளுக்கு நீங்களே சொல்லோணும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பேரை இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன்.